சிறை மீண்டவர்களின் சமையலறையில் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கேள்வி இதுதான். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒரு சாண்ட்விச் கடையின் சமையலறையில் வேலை பார்க்கும் 'கிளைட்ஸ்' என்ற அமெரிக்க நாடகத்தை எல்லோரும் நகைச்சுவை என்கிறார்கள். கதைச்சுருக்கத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அப்படிச் சிரிப்பது முறைதானா, இதே ஆசிரியர் முன்பு எழுதிய 'ஸ்வெட்' நாடகம் தெரியாமல் இதைப் பார்த்தால் புரியுமா?

சிரிக்க நிறையவே இருக்கிறது. ஆனால் வசனத்துக்கு வசனம் ஜோக் கோத்த துணுக்குத் தோரணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என் கணிப்பில் இந்த நாடகத்தின் சிரிப்பு ஒரே இடத்திலிருந்துதான் ஊறுகிறது: அங்கே வேலை பார்க்கும் நாலு பேரும் அந்த வேலையை விட்டுப் போக முடியாது, அது முதலாளியம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். அவள் வாயில் வரும் வசவு, அவள் மாற்றி மாற்றி அணியும் உடைகள், சாண்ட்விச்சைப் பற்றி இவர்கள் பேசும் வேதாந்தம் எல்லாமே இந்த முடிச்சைச் சுற்றித்தான்.

நாடகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். எழுதியவர் லின் நாட்டேஜ். 1964-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 2009-இல் 'ரூயின்ட்', 2017-இல் 'ஸ்வெட்' என்று நாடகத்துக்கான புலிட்சர் பரிசை இரண்டு முறை வாங்கிய முதல் பெண். இந்த நாடகம் 2019-இல் மினியாபொலிஸ் நகரின் குத்ரி தியேட்டரில் முதலில் அரங்கேறியபோது அதன் பெயர் 'ஃப்ளாய்ட்ஸ்'. மறு வருடம் மே மாதம் அதே நகரத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் இறந்தார். அந்தப் பெயரைக் கடைப் பலகையில் வைத்துக்கொண்டு யாரையும் சிரிக்க வைக்க முடியாது என்ற நிலையில் கடைக்காரி கிளைட் ஆனாள். 2021 நவம்பரில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஹெலன் ஹேய்ஸ் அரங்குக்கு வந்தது. இயக்கியவர் கேட் வொரிஸ்கி. இடைவேளை கிடையாது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

களம், பென்சில்வேனியா மாநிலத்தின் பெர்க்ஸ் கவுன்ட்டியில் லாரிகள் நிற்கும் ஒரு நெடுஞ்சாலைக் கடை. நாம் பார்ப்பது அதன் சமையலறையை மட்டும். கிளைட் தானும் சிறையில் இருந்து வந்தவள், சிறையில் இருந்தவர்களைத்தான் வேலைக்கு எடுப்பாள். லெட்டிஷியா, உடம்பு சரியில்லாத பெண்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கும் இளம் தாய். ரஃபேல், அவள் மேல் ஆசை வைத்திருக்கும் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞன். மோன்ட்ரெல்லஸ் எல்லோருக்கும் மூத்தவர், சாண்ட்விச்சை ஒரு தவமாகச் செய்பவர், மற்றவர்களுக்குக் குரு மாதிரி. புதிதாக வந்து சேருபவன் ஜேசன். வெள்ளைக்காரன். முகத்தில் வெள்ளை இனவெறிக் கும்பல்களின் பச்சைகுத்து. சமையலறையில் மற்ற மூவரும் கறுப்பரும் லத்தீனோவும். முதல் நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த முடிச்சுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒருவர் பரோலில் வெளியே வந்தால் கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியலும் வரும். பல மாநிலங்களில் அதில் ஒன்று, வேலையில் இருக்க வேண்டும், அல்லது வேலை தேடிக்கொண்டிருப்பதைக் காட்ட வேண்டும். இன்னொரு பக்கம், வேலைக்கு விண்ணப்பித்தால் 'குற்றத் தண்டனை பெற்றதுண்டா' என்ற கட்டத்தில் டிக் அடித்த உடனே அந்தத் தாள் அடுக்கின் அடிக்குப் போய்விடும். வேலை இல்லாவிட்டால் பரோல் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை கேட்டால் யாரும் தரமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் கிளைட் கடை போட்டிருக்கிறாள்.

இது நாடகத்துக்காக ஊதிப் பெருக்கிய நிலைமை இல்லை. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரத்தில் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரே மாதிரித் தகுதியும் தோற்றமும் உள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். சிலருக்குச் சிறைப் பதிவு இருப்பதாகச் சொல்லச் சொன்னார், சிலருக்கு இல்லை என்று. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து திரும்ப அழைப்பு வந்தது, பதிவு உள்ள வெள்ளையருக்கு 17. பதிவே இல்லாத கறுப்பருக்கு 14, பதிவு உள்ள கறுப்பருக்கு 5. மூன்றாவது எண்ணை இன்னொரு முறை பாருங்கள். எந்தத் தப்பும் செய்யாத கறுப்பு இளைஞனைவிட, சிறைக்குப் போய்வந்த வெள்ளை இளைஞனுக்குக் கூடுதல் அழைப்பு.

இதைத் தெரிந்துகொண்டு ஜேசனின் முகத்தைப் பார்த்தால் நாட்டேஜ் என்ன செய்திருக்கிறார் என்பது தெரியும். வெளியுலகில் அவனுக்குத் தோலே ஒரு சிபாரிசுக் கடிதம். சிறைக்குள் பிழைப்பதற்காகக் குத்திக்கொண்ட அந்தப் பச்சைதான் அதைக் கிழித்துப் போடுகிறது. அது இல்லாவிட்டால் அவன் வேறு எங்காவது ஒரு கிடங்கிலோ பட்டறையிலோ ஒட்டிக்கொண்டிருப்பான். மோன்ட்ரெல்லஸிடம் ரொட்டி அடுக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்க மாட்டான். எந்தப் பச்சையை எழுதி அவனை மற்றவர்களிடமிருந்து பிரித்தாரோ, அதையே வைத்து அவர்களோடு ஒரே அடுப்படியில் நிறுத்திவிட்டார். முதல் காட்சிகளில் லெட்டிஷியா அவனை முறைப்பதும் சீண்டுவதும் அரங்கில் பெரிய சிரிப்பு வாங்கும். அதற்கு அடியில் இந்தக் கணக்கு ஓடுகிறது.

சரி, வேலையை விட முடியாது என்பது எப்படிச் சிரிப்பாகிறது? பழைய நகைச்சுவை நாடகங்களில் எஜமானும் வேலைக்காரனும் இருப்பார்கள், எஜமான் அடிப்பான், வேலைக்காரன் முதுகுக்குப் பின்னால் பழிப்பு காட்டுவான். அந்த அமைப்புதான் இது. இங்கே எஜமானியின் கையில் பிரம்புக்குப் பதிலாகப் பரோல் சட்டம் இருக்கிறது. கிளைட் என்ன அட்டூழியம் செய்தாலும், கெட்டுப்போகும் நிலையில் இருக்கும் மீனைக் கொண்டுவந்து சமைக்கச் சொன்னாலும், கைவைத்து வம்பு செய்தாலும், அவர்களால் முணுமுணுக்கத்தான் முடியும். அவள் வெளியே போனதும் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள். பரிமாறும் ஜன்னலில் அவள் தலை மறுபடி தெரிந்ததும் நாலு வாயும் ஒரே நேரத்தில் மூடும். நாடகம் முழுக்க இது திரும்பத் திரும்ப வருகிறது. அலுப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வாயை மூட அரை நொடி தாமதமாகிறது.

அந்த ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் முன்பக்கத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஆர்டர் சீட்டு உள்ளே வரவும் சாப்பாடு வெளியே போகவும் ஒரு திறப்பு இருக்குமே, அதுதான். பொம்மலாட்டத் திரை போல அதில் கிளைட் சட்டென்று தோன்றி மறைகிறாள். யாராவது மனதில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தால் ஆர்டர் வந்து விழும். வெளியே சாப்பிடுகிற லாரி டிரைவர்களை நாம் பார்ப்பதே இல்லை. அவர்களுக்குத் தேவை சீஸ் வைத்த ஏதோ ஒன்று, சீக்கிரம். உள்ளே மோன்ட்ரெல்லஸ் எந்த மூலிகைக்கு எந்த ரொட்டி என்று யோசித்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள இடைவெளியே பாதிக் காமெடி.

நடிகர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கடினமான நாடகம். வசனத்தை மனப்பாடம் செய்தால் போதாது. ரொட்டியை எடுக்க வேண்டும், தடவ வேண்டும், இலையை அடுக்க வேண்டும், குறுக்கே வெட்டித் தாளில் சுற்றி ஜன்னலில் வைக்க வேண்டும், கடைசி மடிப்பு விழும் அதே நேரத்தில் சிரிப்பு வரவேண்டிய சொல்லும் விழ வேண்டும். கத்தி உண்மையான கத்தியா மழுங்கியதா, அடுப்பு எரியுமா, தக்காளி எத்தனை காட்சிக்குத் தாங்கும், எந்த நடிகருக்கு எது ஒவ்வாது என்பதெல்லாம் மேடை நிர்வாகியின் தலைவலி. ஆனால் கை வேலையில் இருப்பதால் ஒரு பெரிய லாபம் உண்டு. சமையலறையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை, பலகையைப் பார்த்துப் பேசுகிறார்கள். முகம் பார்த்துக் கேட்டால் சொல்ல முடியாததை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடலாம். இவர்கள் தங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் சொல்வதும் அப்படித்தான்.

அந்தக் குற்றங்களைச் சொல்லும் இடங்கள்தான் எனக்கு இந்த நாடகத்தின் உச்சம். ரஃபேல் வங்கியில் கொள்ளையடிக்கப் போனான். கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கிக்குக் கொஞ்சம் மேலான, சின்னக் குண்டு போட்டுச் சுடும் ஒரு காற்றுத் துப்பாக்கி. காரணம், காதலிக்கு உயர் ஜாதி நாய்க்குட்டி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அரங்கமே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகுதான், அந்த நாய்க்குட்டிக்காக அவன் எத்தனை வருடத்தைக் கொடுத்தான் என்ற கணக்கு மனதில் ஓட ஆரம்பிக்கும். சிரிப்புக்குக் காரணமும் அந்தப் பொருத்தமின்மைதான், வலிக்குக் காரணமும் அதுதான். நாட்டேஜ் இரண்டாவதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த ஆர்டர் வந்துவிடும்.

லெட்டிஷியாவின் கதை இன்னும் சாமர்த்தியமானது. மகளுக்கு வலிப்பு மருந்து வேண்டும், கிடைக்கவில்லை, மருந்துக்கடையை உடைத்தாள். இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரண எழுத்தாளர். நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு மன்னிப்பு வழங்கியிருப்போம். ஆனால் அவள் போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்கிறாள்: உள்ளே போனதும் ஆசை வந்துவிட்டது, விற்பதற்காகச் சில போதை மாத்திரைகளையும் அள்ளிக்கொண்டேன். அந்த ஒரு வரியில் அவள் தியாகத் தாய் வேடத்தைக் கழற்றி வைத்துவிடுகிறாள். மன்னிக்கத் தயாராக இருந்தவர்கள் கொஞ்சம் நெளிகிறார்கள். 'நல்ல காரணத்துக்காகத் தப்பு செய்தவர்களுக்கு மட்டும்தான் மறுவாழ்வா?' என்று யாரும் மேடையில் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

மோன்ட்ரெல்லஸின் கதையை நாடகம் நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கிறது. அதை நானும் உடைக்கப்போவதில்லை.

இப்போது சாண்ட்விச். வேலை மந்தமாக இருக்கும் நேரத்தில் இவர்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள்: மனதில் ஒரு சாண்ட்விச்சைக் கட்டி வாயால் விவரிக்க வேண்டும். எந்த ரொட்டி, எப்படி வாட்டியது, எந்த வெண்ணெய், அதற்கு மேல் என்ன, கடைசியில் தூவுவது என்ன. மோன்ட்ரெல்லஸ் சொல்லும்போது மற்றவர்கள் கண்ணை மூடி, சாப்பிடுகிற மாதிரியே கேட்பார்கள். லெட்டிஷியாவும் ரஃபேலும் அவரை எட்டிப்பிடிக்கப் பார்ப்பார்கள். ஜேசன் முதலில் இதில் சேருவதே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி வாய் திறக்கிறான். பார்க்கிற நமக்கு முதலில் கிண்டலாகத்தான் இருக்கும், லாரி நிற்கும் கடையில் என்ன இந்த அலட்டல் என்று. கொஞ்ச நேரத்தில் நாமும் அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்போம்.

ஏன் சாண்ட்விச் என்று பலர் கேட்கிறார்கள். நாடகம் இதற்கு விளக்கம் கொடுப்பதில்லை, நான் நினைப்பதைச் சொல்கிறேன். சிறையில் ஒருவன் எதைச் சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது, யாரோடு சாப்பிடுவது எதையும் தீர்மானிப்பதில்லை. தட்டு வரும், நேரம் முடியும், தட்டு போகும். கேன்டீனில் வாங்கும் ராமென் நூடுல்ஸ் பாக்கெட்டுகள் அமெரிக்கச் சிறைகள் பலவற்றில் நாணயமாகவே புழங்குகின்றன. அதைவிட மோசம் ஒன்று உண்டு. தண்டனையாகவே கொடுக்கும் உணவு: காய், அவரை, ரொட்டித்தூள் எல்லாவற்றையும் அரைத்து ருசியில்லாத ஒரு கட்டியாகச் சுட்டு, வேளாவேளைக்கு அதையே கொடுப்பது. நியூயார்க் மாநிலச் சிறைகள் 2015-இல்தான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டன. ரொட்டி மாதிரி ஒன்றைத் தண்டனையாகத் தின்ற நாட்டில், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் என்ன வைப்பது என்று ஒருவன் தானே யோசித்து முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை. சாண்ட்விச்சுக்குப் பெரிய படிப்போ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம், தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். வேலையை இவர்களால் தேர்ந்தெடுக்க முடியவில்லை, முதலாளியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வெந்தயக்கீரை மாதிரி எந்த இலையைப் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்பது மட்டும் இவர்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் கிளைட் அந்தச் சாண்ட்விச்சுகளைச் சாப்பிட்டுப் பார்க்கக்கூட மறுக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால் அவர்களுக்கு இங்கே இருப்பதைத் தவிர வேறு கதி உண்டு என்றும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கிளைட் யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. அவள் வரும்போது அடுப்பில் தீ குபீர் என்று எழும்புகிறது, எத்தனை முறை வந்தாலும் புது உடை, புது விக். அவள் பிசாசு, அந்தச் சமையலறை நரகம் அல்லது நரகத்துக்கும் சொர்க்கத்துக்கும் நடுவில் பாவம் கழுவும் இடம் என்று ஒரு வாசிப்பு. நாடகம் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. பிராட்வேயில் யூஸோ அடூபா அந்த வேடத்தில் வந்தபோது ஜெனிஃபர் மோலரின் உடைகளே தனி நடிகர் மாதிரி வேலை செய்தன. பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருதான டோனிக்குக் கிடைத்த 5 பரிந்துரைகளில் உடையலங்காரமும் ஒன்று. சிறந்த நாடகம், அடூபா, லெட்டிஷியாவாக வந்த காரா யங், மோன்ட்ரெல்லஸாக வந்த ரான் சீஃபஸ் ஜோன்ஸ் ஆகியவை மற்றவை. ஜோன்ஸ் 2023-இல் காலமாகிவிட்டார்.

பிசாசு வாசிப்பு மேடைக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவள் வெறும் முதலாளியாக இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது. பிசாசு என்றால் அவள் கெட்டவள் என்பதோடு கதை முடிந்துவிடும். முதலாளி என்றால் கணக்கு வேறு. சிறையில் இருந்தவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு, முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது ஆளுக்கு 2,400 டாலர் வரை வரிக்கழிவு தரும் மத்தியத் திட்டம் ஒன்று அமெரிக்காவில் பல காலம் இருந்தது. பென்சில்வேனியாவில் குறைந்தபட்சக் கூலியோ 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. கருணை காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே லாபம் பார்க்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நாடகத்தில் கிளைட் வரி பற்றி எதுவும் பேசுவதில்லை. தானும் உள்ளே இருந்தவள் என்பதால் இரக்கம் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவள் கற்றுக்கொண்டு வந்ததோ வேறு பாடம்: பூட்டுகள் எங்கே இருக்கின்றன, சாவி யாரிடம் இருந்தால் என்ன நடக்கும் என்று.

குறையும் உண்டு. மோன்ட்ரெல்லஸ் அளவுக்கு மீறி நல்லவர். ஒரு மனிதர் ஒன்றரை மணி நேரமும் ஞானியாகவே இருந்தால் நமக்குக் கை அரிக்கும், ஒரு முறையாவது எரிந்து விழ மாட்டாரா என்று. ஜோன்ஸ் மாதிரி ஒரு நடிகர் கிடைத்தால் அந்த நிதானத்துக்குள் களைப்பைக் காட்டிவிடுவார், இல்லாவிட்டால் பிரசங்கமாகிவிடும். கிளைட்டின் கடன் தொல்லை, அவளுக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் என்று ஓர் இழை வருகிறது, பாதியில் தொங்குகிறது. லெட்டிஷியா, ரஃபேல் காதல் சுமார்.

சிரிப்பது முறையா என்றால், யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எழுத்தில் இவர்கள் முதலில் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரிக்கிறார்கள், நாம் பின்னால்தான் சேருகிறோம். கெடுப்பதற்கு இடம் தயாரிப்பில்தான் இருக்கிறது. லெட்டிஷியாவின் பேச்சுமொழியைக் கொச்சையாக இழுத்தாலோ, ஜேசனின் பச்சைகுத்தை வெறும் பூச்சாண்டியாகக் காட்டினாலோ, சிரிப்பு கைதிகள் பக்கம் திரும்பிவிடும். அப்படி ஒரு தயாரிப்பைப் பார்த்து உங்களுக்கு முகம் சுளித்தால் உங்கள் உணர்வு சரிதான்.

உண்மையில் இப்படிப்பட்ட சமையலறைகள் இருக்கின்றனவா என்று அடுத்து கேட்பீர்கள். கிளைட்டுக்கு நேர்மாறானவை இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் கிரெக் பாயில் என்ற பாதிரியார் தொடங்கிய ஹோம்பாய் பேக்கரி 1992-இலிருந்து நடக்கிறது. ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த கும்பல்களின் ஆட்கள் அங்கே ஒன்றாக மாவு பிசைகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் யோங்கர்ஸ் நகரில் 1982-இல் ஆரம்பித்த கிரேஸ்டன் பேக்கரியில் நேர்காணலே கிடையாது. பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம், முறை வந்ததும் கூப்பிடுவார்கள், பின்னணி விசாரிக்க மாட்டார்கள். பென் அண்டு ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமில் வரும் பிரவுனி அவர்கள் சுட்டது. கிளீவ்லாண்டில் 2013-இல் திறந்த எட்வின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சிறையிலிருந்து வந்தவர்களுக்குப் பிரெஞ்சு சமையலையும் பரிமாறும் முறையையும் கற்றுத் தந்து, வெள்ளைத் துணி விரித்த உணவகத்தையே அவர்களை வைத்து நடத்துகிறது. சமையல் தொழில் இவர்களுக்கு ஏன் திறந்திருக்கிறது என்பதில் மர்மம் இல்லை. ஆள் எப்போதும் பற்றாக்குறை, சான்றிதழ் கேட்பதில்லை, வேலை செய்கிறானா இல்லையா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நாட்டேஜ் இந்த நல்ல கடைகளில் ஒன்றை எழுதாமல் கிளைட்டை எழுதியது சரியான முடிவு. நல்ல முதலாளியிடம் நாடகம் கிடைக்காது.

2022-23 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறை அரங்குகளில் அதிகம் போடப்பட்ட நாடகம் இதுதான். அதற்கு இலக்கியக் காரணங்களை மட்டும் தேடாதீர்கள். ஐந்தே நடிகர்கள், ஒரே அரங்க அமைப்பு, இடைவேளை இல்லை, கொரோனாவுக்குப் பிறகு சிரிக்க வந்த கூட்டம். பிராட்வேயில் 2022 ஜனவரியில் கடைசிக் காட்சிகளை வீட்டிலிருந்தே நேரலையாகப் பார்க்கவும் டிக்கெட் விற்றார்கள். 2023-இல் லண்டனின் டோன்மார் வேர்ஹவுஸில் லினெட் லின்டன் இயக்கத்தில் வந்தது.

கடைசியாக 'ஸ்வெட்'. பெர்க்ஸ் கவுன்ட்டியின் தலைநகர் ரெடிங், மோனோபோலி விளையாட்டில் வரும் ரயில்பாதைக்குப் பெயர் கொடுத்த ஊர். தொழிற்சாலைகள் போன பிறகு 2011-இல் வெளியான அரசுக் கணக்கில், 65,000 பேருக்கு மேல் வசிக்கும் அமெரிக்க நகரங்களில் வறுமையில் முதலிடம் பிடித்தது. 41 சதவீதத்துக்கு மேல். அந்த வருடம் முதல் நாட்டேஜ் அங்கே போய் ஆட்களோடு பேசிப் பேசித்தான் 'ஸ்வெட்' எழுதினார். ஆலையில் கதவடைப்பு, அதனால் உடையும் நட்புகள், 2000-ஆம் ஆண்டில் ஒரு மதுக்கடையில் நடக்கும் அடிதடி, அதற்காகச் சிறைக்குப் போய் 2008-இல் வெளியே வரும் இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவன்தான் இந்த ஜேசன்.

தெரியாமல் பார்த்தாலும் 'கிளைட்ஸ்' முழுதாகப் புரியும், எதுவும் விடுபடாது. சொல்லப்போனால் இதை முதலில் பாருங்கள் அல்லது படியுங்கள், 'ஸ்வெட்' அப்புறம் இருக்கட்டும். எழுதிய வரிசைக்கு இது நேர்மாறு, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஜேசன் யாரை எப்படி அடித்தான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால், லெட்டிஷியா அவனைப் பார்க்கிற மாதிரி உங்களால் பார்க்க முடியாது. அவளுக்குத் தெரிந்தது அவன் முகம் மட்டும். அங்கிருந்து அவள் எவ்வளவு தூரம் வருகிறாள் என்பதை அவளோடு சேர்ந்து நடந்து பார்த்துவிட்டு, பிறகு அந்த மதுக்கடைக் காட்சிக்குப் போங்கள்.